மூன்று வெள்ளமும் ஒரு கரும்பலகையும்

தேசம் தேசமாகப் பழங்கதைகளைப் பிள்ளைகளுக்கு ஒப்பிட்டுக் காட்டும் வேலையில் பிள்ளைகளால் தொல்லையே இல்லை, பெற்றவர்களால்தான். சாக்பீஸ் பிடித்த சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டாம்.

கட்டம் போட்டது

உத்தமபாளையத்தில் ஒரு பள்ளி. சனிக்கிழமை, ஆறாம் வகுப்பு. 'வெள்ளக் கதைகள்' என்று தலைப்பெழுதி மூன்று கட்டம் போட்டேன். ஒன்றில், மீன் எச்சரித்து ராஜா ஓடமேறியது. அடுத்ததில், இறைவன் எச்சரித்து நபி கப்பல் கட்டியது. மூன்றாவதில், கடல் தாண்டிய மலைநாட்டில் லாமா எச்சரித்து அதை மேய்த்தவன் மலையேறியது. லாமா என்றால் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவாந்திரமான மிருகம்.

எதெல்லாம் ஒன்று என்று கேட்டேன். ரபியா எழுந்தாள். "எல்லாத்துலயும் முன்னாடியே சொல்லிப்புடுறாக சார். ஒருத்தர்தான் காதுல வாங்குறாரு."

காலையில் ஒருவர், மாலையில் ஒருவர்

திங்கள் காலை ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வந்தார். மகன் என் வகுப்பு. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. "மத்தவுகளுத கதைன்னு எழுதுங்க, வேணாங்கல. எங்களுத எழுதாதீக. அது நடந்தது."

மாலையில் ரபியாவின் அத்தா, அதாவது அப்பா. ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவரும் உட்காரவில்லை. "மத்தவுகளுது கதையா இருக்கட்டும் சார். எங்களுது நடந்தது."

தாளாளர்

இன்னொரு புகார் வந்தால் வகுப்பை மூடிவிட்டுக் கணக்கு டியூஷன் வைப்பேன் என்றார் தாளாளர். மூடுகிற வரை எடுப்பேன் என்றேன். தலைப்பையாவது மாற்றச் சொன்னார். முடியாது என்றேன்.

"வயசான காலத்துல உங்களுக்கு ஏன் சார் இந்த வம்பு?"

மறு சனிக்கிழமை

தலைப்பை மாற்றவில்லை. கீழே இன்னும் இரண்டு கட்டம் போட்டேன். அந்த இருவரும் சொன்னதை, பேர் போடாமல், அப்படியே எழுதினேன். ஒற்றுமை வேற்றுமை சொல்லுங்கள் என்றேன். தோட்டக்காரர் மகன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். ரபியா வெகுநேரம் பலகையைப் பார்த்தாள்.

"வேற்றுமை ஒண்ணுதான் சார். எங்கத்தா பைக்குல வந்தாக, அவுக அப்பா ஸ்கூட்டில வந்தாக."

மூன்றாவது ஆள்

வகுப்பு முடியுமுன் ஒரு அம்மாள் வாசலில் நின்றார். பின்னாலேயே தாளாளர், கையில் வகுப்புப் பூட்டு. நானும் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

"ஆடு சொன்னதக்கூட எழுதியிருக்கீகளாம். எங்க மயிலாடும்பாறையில வெள்ளம் வந்தப்ப கோயில் ஆத்தா குறுக்க நின்னு மறிச்சாளே, அத ஏன் எழுதல?"

தாளாளர் குழம்பிப்போனார். இது புகாரா, இல்லையா என்று கேட்டார்.

"புகார்தான். எழுதுற வரைக்கும் இங்கனதான் நிப்பேன்."

கட்டம் போட்டேன், வகுப்பு இன்னும் நடக்கிறது, பலகையில்தான் இடம் போதவில்லை.