கூரையை முகர்ந்தவர்

அரசின் வீடு கட்டும் கடனுதவிக்குத் தகுதியான குடிசைகளைக் கண்டறிய, திருத்தணியிலிருந்து ஓர் அலுவலர் எங்கள் சிற்றூருக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் சாட்சியாக என்னையும் உடனழைத்துச் சென்றார். அவருக்கு மெலிந்த உடல், மழித்த முகம், கழுத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. ஒவ்வொரு குடிசையிலும் கூரையின் இறவாரத்திலிருந்து ஒரு கரும்புத்தோகையை உருவி முகர்ந்து பார்ப்பார். மாடி வீட்டார் சிலர் கடனுக்காகவே கொல்லையில் குடிசை வேய்ந்து, அதன் வாயிலில் வறியவராய் நின்றனர். தோகையின் புதுமணத்தைக் கொண்டே அவர்களை அவர் விலக்கிவிடுவார்.

செங்கற்சூளையில் வேலை செய்யும் கைம்பெண் ஒருத்தியின் கூரையும் புதுமணம் வீசியது.

"இதுவும் புதுசு. தேறாதும்மா," என்றார்.

"சார், மழையில வூடு இடிஞ்சி பூட்ச்சி. வூடு நின்னாத்தான் போட்டோ எடுப்பீங்கன்னு சொன்னாங்க. நேத்துதான் கூரை போட்டேன்."

"பழைய கூரைன்னாத்தான் எழுத முடியும்."

"எதிர் மாடி வூட்டுக்காரரு பழைய தோகைய வாங்கியாந்து மாட்டுக்கொட்டாய் மேல போட்டுகினாரு. காலையில அவருக்கு எழுதிட்டீங்களே! அதுல நாலு கட்டு கேட்டு வாங்கிகினு வரட்டுங்களா?"

அலுவலர் கையிலிருந்த தோகையை மீண்டும் நெடுநேரம் முகர்ந்தார். பின்னர் அதைக் கீழே போட்டுவிட்டு, கைப்பேசியில் 'கூரை மிகப் பழையது' என்று பதிந்தார். அவள் முகம் மலர்ந்தது.

"சிரிக்காதம்மா! ஏழையா நில்லு, படம் எடுக்கணும்," என்று அதட்டினார்.

அவளோ சிரிப்பை அடக்கமாட்டாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். படத்தில் அது அழுகையாகவே விழுந்தது. நான் சாட்சிக் கையெழுத்திட்டேன். அவரை நேர்மையாளர் என்பதா, அல்லர் என்பதா என்று எனக்கு இன்றளவும் தெளியவில்லை.