வில்கா டிரைவ் எங்கும் போகாது

வாரபின் கவுன்சிலில் நோரின் பாஸ்கோ இருபத்தேழு வருஷம் கிரேடர் ஓட்டினாள். சரளைச் சாலைகளைச் சீவிச் சமன்படுத்துகிற மஞ்சள் வண்டி. எந்தச் சாலை மழைக்குத் தாங்கும், எது ஓடைக்கரையோடு நின்றுவிடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாய் கொஞ்சம் நீளம்தான்.

ஒரு ஜனவரி காலையில், சாலைப் பணி மேற்பார்வையாளன் கெவ் டன்ஸ்டன் ஒரு பச்சைப் பலகையை அவள் முன் வைத்தான். 'வில்கா டிரைவ்' என்றிருந்தது.

"இத எங்க நடணும்?"

"மேட்டுல விட்டேக்கர் புதுசா மனை போட்டிருக்கார்ல, அங்க."

"அது முட்டுச்சந்து கெவ். போன மாசம் நான்தான் சீவினேன். நானூறு மீட்டர் போனா பாறை. அதுக்கு மேல ஆடுகூட ஏறாது. அதுக்குப் பேரு டிரைவா? முட்டுச்சந்துக்குன்னே இருக்கிற பேரு குளோஸ், இல்லன்னா கோர்ட்டு. அதுல ஒண்ண வை."

"குளோஸ்னு வெச்சா மூடிக் கிடக்கிற மாதிரி இருக்காம். டிரைவ்னா ஜம்முனு கார்ல போற மாதிரி இருக்காம். மனை விக்கணும்ல?"

"அதுக்காகப் பாறை நகர்ந்து வழி விடுமா?"

கெவ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மலைமுகட்டில் காட்டுத்தீ பிடித்தபோது நோரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருந்தாள். பகலே இருட்டிப்போன புகையில், வெளியூரிலிருந்து வந்த ஒரு தம்பதி காரில் தப்பி ஓடிவந்தார்கள். ஒரு திருப்பத்தில் 'ஸ்ட்ரிங்கிபார்க் வே' என்ற பலகை. 'வே' என்றால் வழி, எங்காவது போய்ச் சேரும் என்று நம்பி உள்ளே திரும்பினார்கள். அது ஒரு தண்ணீர்த் தொட்டியோடு முடிகிற சாலை. மறுநாள் முதலில் உள்ளே போனவள் நோரின். கார் பாதி திரும்பிய நிலையில், அவர்கள் இருவரோடும் எரிந்து நின்றிருந்தது. குளோஸ், கோர்ட் என்றால் வெளியேற வழி கிடையாது என்பது சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த ஒரு சொல் சரியாக இருந்திருந்தால் அவர்கள் அதற்குள் திரும்பியிருக்கவே மாட்டார்கள்.

"நட மாட்டேன்" என்றாள்.

"நடுறதுதான் உன் வேலை. பேர் வைக்கிறது இல்ல."

"அப்ப வேற ஆளப் பாரு."

வேறு ஆள் நட்டான். அன்று சாயங்காலம் நோரின் தன் வண்டியில் சங்கிலி கட்டி அதைப் பிடுங்கினாள். ஒளிக்கவில்லை. கவுன்சில் அலுவலகத்துக்கே கொண்டுபோய் மேசைமேல் மண்ணோடு கிடத்தி, பெற்றுக்கொண்டதாகச் சீட்டு எழுதித் தரச் சொன்னாள்.

விஷயம் கூட்டத்துக்குப் போனது. ஊரில் பாதி வந்திருந்தது. விட்டேக்கர் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, அது வெறும் பேரு."

"வெறும் பேருதானே? அப்ப குளோஸ்னே வெச்சுக்கோங்க. உங்களுக்கென்ன நஷ்டம்?"

மண்டபம் சிரித்தது. ஆனால் வாக்கெடுப்பில் நான்குக்கு எதிராக ஐந்து வாக்கில் டிரைவ் ஜெயித்தது. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வேலை உண்டு என்றார்கள். அவள் கிரேடர் சாவியைக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த வண்டியை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதற்காக விட்டுவிடவில்லை. வில்கா டிரைவுக்குள் திரும்புகிற இடத்தில் இருந்த பண்ணை, ஐல்மா டிரெகியர் என்பவளுடையது. அவள் சம்மதத்தோடு அவள் வேலியில் ஒரு தகரத்தைக் கட்டினாள் நோரின். 'வில்கா டிரைவ் எங்கும் போகாது. தீ வந்தால் உள்ளே திரும்பாதே.' கீழே தன் பெயரும் தொலைபேசி எண்ணும். விட்டேக்கரின் வக்கீல் கடிதம் அனுப்பினார். அதையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தகரத்துக்குக் கீழேயே தொங்கவிட்டாள்.

மனை பார்க்க வந்தவர்கள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "வீடு கட்டுங்க, நல்ல இடம்தான். காத்து நல்லா வரும். ஆனா ஒரே வழிதான், தெரிஞ்சுக்கிட்டுக் கட்டுங்க" என்பாள். அப்படித் தெரிந்தே கட்டிய நான்கு குடும்பங்கள் சேர்ந்து, எங்கள் தெருவுக்கு உண்மையான பெயர் வேண்டும் என்று கவுன்சிலுக்கு மனுப் போட்டன. அடுத்த வருஷம் சத்தமில்லாமல் 'வில்கா குளோஸ்' ஆனது. அதில் நோரின் பெயரை யாரும் சொல்லவில்லை.

கெவ் மட்டும் வீட்டுக்கு வந்தான். "திரும்பி வந்துடு. புதுசா வந்தவன் ரோட்டை ஏர் உழுது வெச்சிருக்கான். மன்னிப்புன்னு ஒரு வரி எழுதினாப் போதும்."

"ஒரு வரிதானே? குடு பேனாவ."

'மறுபடி டிரைவ் என்று வைத்தால் மறுபடி பிடுங்குவேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். கெவ் படித்துவிட்டு, அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேநீர் கேட்டான்.

இப்போது அவள் பக்கத்து மாவட்டத்தில் கிரேடர் ஓட்டுகிறாள். அங்கே சேர்ந்த முதல் நாளே சாலைப் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டாளாம். அந்த ஊர் மேற்பார்வையாளர் கெவ்வைக் கூப்பிட்டு, "யோவ், யாரய்யா இந்தம்மா?" என்று கேட்டிருக்கிறார்.