வின்சன்றுக்கு ஒரு ஜேர்மன் பாட்டு

செலீன் பிடிவாதக்காரி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவள். அவள் கணவன் வின்சன்றே அதை ஸ்காபரோ முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். போன மாசியில் அவன் மாரடைப்பில் போன பிறகுதான் அந்தப் பிடிவாதத்தின் முழு அளவும் அவர்களின் கூட்டாளிகளான எங்களுக்குத் தெரிந்தது.

கனடா வருவதற்கு முன் இருவரும் ஜேர்மனியில் ஓர் அகதி விடுதியில் இருந்தவர்கள். சந்தித்ததும் அங்கேதான். ஞாயிறுகளில் பக்கத்துத் தேவாலயத்துப் பெண்கள் சூப்பும் பாணும் கொண்டுவந்து, கூடவே ஒரு ஜேர்மன் செபப் பாட்டும் பழக்கிவிட்டார்கள். வின்சன்றுக்கு ஜேர்மன் வந்ததே அந்தப் பாட்டால்தான். உருளைக்கிழங்கு வாங்கப் போனாலும் ஆண்டவரைக் கூப்பிட்டுத்தான் விலை கேட்பான் என்று செலீன் கேலி செய்வாள். பிறகு கனடாவில் பிறம்ரன் வேர்ஹவுஸ் வேலைக்குக் கார் ஓடும்போதும் அதைத்தான் பாடினான்.

"என்ர பெட்டியை மூட முன்னம் நீ இந்தப் பாட்டைப் பாடோணும்" என்று அவளிடம் வாக்கும் வாங்கியிருந்தான்.

மகள் ஸ்டெபனி போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அம்மா, இது ஜேர்மன் பாட்டே இல்லை. இங்கிலீஷ்ல இருந்து ட்ரான்ஸ்லேட் பண்ணினது. ஒரிஜினலையே பாடுவம், எல்லாருக்கும் விளங்கும்."

செலீனுக்கு அது புதுச் சங்கதி. இத்தனை காலமும் ஜேர்மன்காரரின் சொந்தப் பாட்டு என்றே நம்பியிருந்தாள்.

"நானும் அப்பாவும் கலியாணம் முடிச்சதும் ஜேர்மனியிலதான். அதையும் இனி இங்கிலீசில திருப்பி முடிக்கிறதோ?"

ஸ்டெபனி அதோடு விட்டுவிட்டாள்.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று வினை வேறு பக்கத்தால் வந்தது. எங்கள் ஆட்களின் செத்தவீட்டில் அழுகை குறைந்தாலும் அஞ்சலி உரை குறையாது. ஊர்ச் சங்கம் பேசியது. விளையாட்டுக் கழகம் பேசியது. பழைய மாணவர் சங்கத் தலைவர் இராசரத்தினம் வின்சன்றில் தொடங்கி, தான் பள்ளிக்கூடத்தில் ஓடிய ஓட்டப்போட்டிக்குப் போய்விட்டார். மண்டபத்துக்கு எடுத்த நேரம் முடிந்துகொண்டிருந்தது. பெட்டியை மூடுவதற்கு மண்டபத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பொடியன் வந்து நின்றான். பாட்டை விட்டுவிடுவோம் என்று பாதர் சைகை காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செலீன் எழும்பிப் போய் மைக்கைப் பிடித்தாள்.

"அண்ணை, இருங்கோ."

"ஒரு நிமிசம் தங்கச்சி, முடிக்கிறன்."

"நீங்கள் நாளைக்கும் பேசலாம். நான் நாளைக்கு இவருக்குப் பாடேலாது."

இராசரத்தினம் விலகினார். செலீன் மைக்கை விட்டுவிட்டுப் பெட்டியடிக்குப் போய், திறந்திருந்த மூடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஜேர்மனில் பாடினாள். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுவில் குரல் உடைந்தது. மூச்சை இழுத்து, உடைந்த அடியை முதலிலிருந்து தொடங்கினாள். பொடியன் மணிக்கூட்டைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, வின்சன்றின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

கடைசி வரியும் முடிந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

"இனி மூடுங்கோ" என்றாள்.