கல் நட வந்தவர்

எனக்கு அவர் பெயர் தெரியாது. அதிவேக ரயில் பாதைக்கு அளவெடுக்கும் குழுவில் கல் நடுகிறவர். நகக்கண்களில் சிவப்பு பெயின்ட் எப்போதும் அப்பியிருக்கும்.

பாடாலூருக்குக் கிழக்கே எங்கள் வெங்காயக் காட்டு ஓரத்தில் முதல் கல்லை நட்ட அன்று, வீட்டு வாசலில் நின்று ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

"வூட்டுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?" என்று கேட்டேன்.

"ஆவாதுங்க. இடிபடப் போற வூட்டுல எனக்குத் தண்ணி எறங்காது. இங்க பாருங்க, எப்புடி குடிக்கிறேன்னு" என்று சிரித்தார்.

வருஷங்கள் போயின, ரயில் வரவில்லை. கல்லில் அழிந்துபோன எண்ணைத் திரும்ப எழுத இரண்டாம் முறை வந்தபோதும் செம்பைக் காலி செய்தார். அந்த தைரியத்தில்தான் மாடி எடுத்தோம்.

போன மாதம் மறுபடியும் வந்தார்.

"இழுத்தடிச்சதுல செலவு எகிறிப்போச்சாம்ங்க. பாதையில இங்கன இருந்த வளைவை எடுத்துட்டு நேரா வுடச் சொல்லிட்டாங்க."

நேராக என்றால் எது வழியாக என்று வெங்காயக் காட்டுக் கல்லிலிருந்து கண்ணாலேயே கோடு இழுத்துப் பார்த்தேன். என் மனைவி வழக்கம்போல் செம்பை நீட்டினாள். அவர் செம்பைப் பார்த்தார். பிறகு, இன்னும் பூசி முடிக்காத மாடியைப் பார்த்தார்.

"தாகமில்லீங்கம்மா" என்றார்.

கொளுத்துகிற வெயில். ரோட்டோரப் புளியமரம் வரை நடந்துபோய், தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மடக்மடக்கென்று குடித்தார். நிறைந்த செம்போடு அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.