அப்பா தவறவிட்ட சிம்பாங்

எங்கள் பூனையின் பெயர் தவுக்கே. முதலாளி மாதிரி உட்கார்ந்த இடத்துக்கே எல்லாவற்றையும் வரவழைத்துக்கொள்ளும் என்பதால் அப்பா வைத்த பெயர். எஸ்டேட்டை விட்டு எங்கள் குடும்பம் நகரத்துப் பக்கம் சிலிபினுக்கு வந்தபோது கூடவே வந்தது. நான் அதற்கப்புறம்தான் பிறந்தேன். அந்த மூப்பை அது எப்போதும் எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது எழுந்து நடக்கப் பார்த்து, இடப்பக்கமாகச் சரிந்து விழுந்தது. எழுந்தது, அரை வட்டமடித்தது, மறுபடி விழுந்தது. தலை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

“என்னண்ணே, தவுக்கே காலையிலேயே தண்ணி போட்டுட்டாரா?” என்று சித்தப்பா சிரித்தார். அது வாந்தி எடுத்ததும் சிரிப்பு நின்றது. “வீட்டுல பூன செத்தா ஆகாதுண்ணே. பசார்ல விட்டுட்டு வந்துடுங்க. மீன் தலையா தின்னுக்கிட்டுக் கிடக்கும்லா.”

அம்மா தரையைத் துடைத்துக்கொண்டே, “பிள்ள இருக்கிற வீடு. என்ன செய்றது, வயசாயிடுச்சு” என்றார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா லாரி சாவியை எடுத்தார். தினமும் விடியுமுன் தாப்பா ஊரிலிருந்து அதே பசார்ச் சந்தைக்கு அவர் காய்கறி ஏற்றிப்போகும் லாரி அது.

சித்தப்பா சொன்னதில் மீன் தலை மட்டும்தான் என் மனதில் நின்றது. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி தவுக்கே மீன் இருக்கிற இடத்துக்குப் போகிறது, நல்ல ஏற்பாடு. அதன் தட்டு, பழைய சாரோங் துண்டு, ஒரு சாடின் மீன் டின், டின் திறப்பான் எல்லாவற்றையும் பையில் போட்டேன். கெளுத்தி அதற்குப் பிடிக்காது என்று மீன்காரரிடம் சொல்ல வேண்டியதையும் யோசித்து வைத்துக்கொண்டு, கூடையை மடியில் ஏந்தி லாரியில் ஏறினேன். தவுக்கேயின் கண்கள் எதையோ எண்ணுவதுபோல இடமும் வலமும் துடித்துக்கொண்டிருந்தன.

“இங்க வலதுப்பா.”

அப்பா சாலைச் சந்திப்பில் திரும்பாமல் நேராகப் போனார்.

“சிம்பாங்க விட்டுட்டீங்கப்பா!”

“அய்யோ, விட்டுட்டேனா?”

“பரவால்ல. அடுத்த சிம்பாங்ல திரும்புங்க.”

அதையும் விட்டார். எனக்குக் கவலையாகிவிட்டது, தவுக்கேயை நினைத்து அல்ல, அப்பாவை நினைத்து.

லாரி ஒரு மிருக வைத்தியரின் கிளினிக் முன்னால் நின்றது. “வந்தது வந்துட்டோம். ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்” என்றார் அப்பா.

அங்கிருந்த சீன டாக்டரம்மா தவுக்கேயின் கண்ணுக்குள்ளும் காதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தார். உடம்பை நேராக நிறுத்துகிற உள்காது தடுமாறியிருக்கிறது, கிழப் பூனைகளுக்கு இப்படித் திடீரென்று வருவதுண்டு, பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் தேறிவிடும் என்றார். வாந்திக்கு ஊசி போட்டார். உயரத்தில் ஏறவிடாமல் தரையில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ள வேண்டும், வாய்க்குப் பக்கத்தில் சாப்பாடு காட்ட வேண்டும், சாப்பிடாவிட்டால் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

“சாகாதுதானே?” என்று அப்பா பதற்றத்தில் தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகு மலாயில் கேட்டார்.

வீட்டு வாசலில் கூடையைப் பார்த்த சித்தப்பா, “பசார்ல விடலியாண்ணே?” என்றார்.

“வழி தப்பிப் போச்சுலா.”

சித்தப்பா அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். அம்மா உள்ளே போனார். சற்று நேரத்தில் மீன் வேகும் வாசனை வந்தது.

சில வாரங்களில் தவுக்கே நேராக நடந்தது. தலைச் சாய்வு மட்டும் கொஞ்சம் மிஞ்சியது, நாங்கள் சொல்வது எதையுமே நம்பாததுபோல.

இன்று சாலைகளுக்கு வரைபடம் போடுவது என் தொழில். முதல் வரைபடத்தை அந்த ஞாயிறு மத்தியானம், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டேன். எங்கள் வீடு, கோப்பிக் கடை, கோயில், இரண்டு சிம்பாங்குகளும் சிவப்பில், முடிவில் பசார். அப்பா இரண்டு கைகளாலும் வாங்கி, “இதுல வலதா, இடதா?” என்று கேட்டுத் தெளிந்துகொண்டு, லாரிக் கண்ணாடிக்கு மேலே ஒட்டினார்.

மறுநாள் பசாரிலிருந்து திரும்பியவரிடம், “வழி சரியா இருந்துச்சா?” என்றேன்.

“உன் படம் இல்லன்னா இன்னிக்கும் தப்பியிருப்பேன்லா.”

அடுப்படியில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். தவுக்கே ஏதோ செய்திருக்கும் என்று நினைத்தேன். சித்தப்பாவும் வழி தப்பிவிடக் கூடாதே என்று அவருக்கும் ஒரு படம் வரைய உட்கார்ந்தேன்.