முதுகால் மரத்தைக் கேட்டவர்

ஜமுனாமரத்தூர் அருகே மலைக்கோயிலுக்கு நந்திச் சிலையை ஏற்றிய அன்று, கப்பி கட்ட வந்த ஒருவரைக் கண்டேன். மெலிந்த உடல், முதுகெங்கும் தழும்பு. மேட்டிலிருந்த புளியமரத்தில் கப்பியைப் பிணைத்து, நந்தியைக் கட்டிய வடத்தை அதில் கோத்தார். கீழே ஆட்கள் வடத்தை இழுத்ததும், அம்மரத்திலேயே முதுகு சாய்த்து அமர்ந்தார்.

"மரம் பெயர்ந்தால் உம் உயிர் போகுமே, எழுந்து வாரும்!" என்று பதறினேன்.

"வேரு அசைஞ்சா முதுகுக்குத்தான் சாமி மொதல்ல தெரியும். கீழ இழுக்கறவனுக்கு இன்னா தெரியும்?" என்று சிரித்தார்.

நந்தி பாதி ஏறியிருக்கையில் திடீரென அலறினார்: "வடத்த வுட்டுட்டு ஓடுங்கடா!"

ஆட்கள் சிதறினர். மறுகணம் மரம் வேரோடு பெயர்ந்து அவரைத் தூக்கியெறிந்தது. ஆட்கள் நின்ற இடத்தின்மீது நந்தி உருண்டோடியது.

அவரோ எழுந்து, முதுகில் வழிந்த குருதியையும் துடைக்காமல், கப்பி கட்ட வேண்டிய அடுத்த மரத்தில் போய்ச் சாய்ந்தார். நாள்தோறும் கோயிலில் பதிகம் ஓதுபவன் நான். இன்றும் 'அடைக்கலம்' என்று ஓதுகையில் அந்த முதுகே கண்முன் நிற்கிறது.