ஒயர் கூடை நிறைய போன்

இன்று காலை கரண்ட் லைன் பார்க்கிற ஆட்கள் வந்து, கம்பிமேல் சாய்ந்திருந்த முந்திரிக் கிளைகளை வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் வருஷா வருஷம் நடப்பதுதான். வெட்டிய முந்திரிக் கிளைக்கு ஒரு வாசனை உண்டு. துவர்ப்பாக மூக்கில் ஏறி அடித்தொண்டையில் போய் நிற்கும். அது பட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. "ஏன் அத்தே, ஒடம்பு சரியில்லையா?" என்று மருமகள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லைதான். வாசனைக்கு யார் என்ன செய்ய முடியும்.

பல வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெரும்புயல் அடித்த அன்று விடிந்து பார்த்தபோது எங்கள் ஊரைச் சுற்றி இதே வாசனைதான் நின்றது. வேறு எதுவும் நிற்கவில்லை. முந்திரியும் பலாவும் ஒரே பக்கமாகத் தலைசாய்ந்து படுத்திருந்தன. மரம் போனதில், அதுவரை எங்கள் வாசலிலிருந்து தெரியாத பவர் ஹவுஸ் சிம்னி முழுசாகத் தெரிந்தது. இவ்வளவு கிட்டத்திலா இருக்கிறது என்று நினைத்தேன். வேறு எதையும் நினைத்ததாக ஞாபகம் இல்லை. யாரும் அழவில்லை. எல்லாரும் எதையாவது எடுத்து எங்கேயாவது வைத்துக்கொண்டிருந்தோம். நான் ஒரு முறத்தை மூன்று தடவை இடம் மாற்றி வைத்தேன். அதில் புடைக்க ஒரு பிடி அரிசிகூட நனையாமல் இல்லை.

பக்கத்து வீட்டு அஞ்சலையின் புருஷன் ராமு, காற்று அடங்கியது என்று நம்பி மாட்டை அவிழ்க்கப் போனான். முறிந்து தொங்கிக்கொண்டிருந்த ஒரு கிளை அப்போதுதான் இறங்கி அவன் இடுப்பில் விழுந்தது. கயிற்றுக் கட்டிலில் போட்டு, கிடந்த மரங்களின்மேல் ஏறி இறங்கி மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவன் தம்பி கூடப் போனான். அஞ்சலையால் போக முடியவில்லை. கூரை பறந்துபோன வீடு, சின்னதாக இரண்டு பெண் பிள்ளைகள். "நீ புள்ளைங்களப் பாத்துகினு இரு அண்ணி, நான் போன்ல சொல்றேன்" என்று தம்பி சொல்லிவிட்டுப் போனதோடு சரி. அவளிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. அதுதான் அவளுக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில் இருந்த ஒரே வழி.

எங்கள் பக்கம் கம்பமெல்லாம் வயலில் கிடந்தது. கரண்ட் வர மாசமாகும் என்றார்கள். பவர் ஹவுஸ்காரர்கள் குடியிருக்கிற டவுன்ஷிப்புக்குள் மூன்றாம் நாளே வந்துவிட்டது. நான் அப்போது குவார்ட்டர்ஸில் ஒரு டீச்சர் வீட்டில் வேலை பார்த்தேன். பாத்திரம், துணி, வீடு கூட்டுவது. பதினெட்டு வருஷம் பார்த்தேன். ஒரு ஸ்பூனைக் காணோம் என்கிற பேச்சு அந்த வீட்டில் வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான்காம் நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது, எதிர்வீட்டு வேலு ஓடிவந்தான். மூன்று பிள்ளை பெற்றவன், இன்னும் மாப்பிள்ளை முறுக்கு போகாதவன்.

"யக்கா, டீச்சர் வூட்ல கரண்ட் வந்துட்ச்சாமே. இதச் செத்த சொருவி எடுத்துகினு வாயேன். எவளாவது அடிச்சா மட்டும் எடுத்துடாத."

"ஒனக்கு எவடா அடிக்கப் போறா? ஒம் மாமியாதான் அடிப்பா, அதுவும் வெளக்கமாத்தால."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புயலுக்கு அப்புறம் ஊரில் கேட்ட முதல் சிரிப்பு அது என்று நினைக்கிறேன். அவனைப் பார்த்து இன்னொருத்தி நீட்டினாள், அப்புறம் இன்னொருத்தர். என் ஒயர் கூடையில் துண்டு விரித்து அடுக்கினேன். இருபத்துமூன்று போன். எனக்கு என்று ஒன்று கிடையாது. வாங்க முடியாமல் இல்லை, வேண்டாம் என்று இருந்தேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்ற எனக்கு அதில் ஓடுகிற எழுத்து பிடிபடாது. அதனால் ஒவ்வொன்றையும் அதன் சார்ஜரோடு சேர்த்து ஒரு நிற நூலால் கட்டினேன். வேலுவுக்குப் பச்சை. அஞ்சலைக்குச் சிவப்பு. ஒன்றுகூட மாறாது. வேண்டுமானால் இப்போதுகூட எது யாருடையது என்று சொல்வேன்.

கூடையைப் பார்த்து டீச்சர் திகைத்துப்போனார்கள். மதுரைப் பக்கத்துக்காரர், மனசில் பட்டதை அப்படியே கேட்பார்.

"என்னங்க இது, போன் கடை தொறக்கப் போறீங்களா?"

"ஊரே இந்தக் கூடையிலதான் இருக்குதுங்க டீச்சர்."

அவர் ஃபிரிட்ஜைத் தள்ளி, பின்னாலிருந்த பிளக்கைக் காட்டினார். டிவி பிளக், அயர்ன் பாக்ஸ் பிளக், மகன் படிக்கிற மேஜையில் நீளமாக ஒரு பலகை பிளக். மிக்ஸி போடும்போது மட்டும் இரண்டு போனைக் கழற்றிவிட வேண்டும். பாத்திரம் தேய்ப்பேன், எழுந்துபோய் ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் சொருகுவேன், வந்து மறுபடி தேய்ப்பேன். நிறைந்ததும் ஆஃப் செய்துவிடுவேன். வழியில் வீணாக இறங்கக்கூடாது இல்லையா. சார்ஜ் காட்டுகிற நாலு கட்டையும் நிற்காத போனை நான் யார் கையிலும் திருப்பிக் கொடுத்ததில்லை.

ஊரில் ஏரிக்கரை மேட்டில் மட்டும் சாயங்காலம் டவர் கிடைத்தது. எங்கோ டீசல் என்ஜின் போட்டு ஓட்டுகிறார்கள் என்றார்கள். அன்றைக்கு அஞ்சலை அங்கே போய் நின்று தம்பியிடம் பேசினாள். நான் கூடையோடு ஊருக்குள் வந்ததும், பாதிதான் ஏறியிருக்கிறது என்று சொல்வதற்குள் அவசரத்தில் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனவள், பேச்சுக்கு நடுவிலேயே போன் அணைந்துபோய்த் திரும்பி வந்தாள். மறுநாள் காலையில் போனை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"இன்னிக்கி அவரையே பேச வெக்கிறேன்னு கொழுந்தனாரு சொல்லிகிறாரு யக்கா. நல்லா ரொப்பிகினு வா. நேத்து மாதிரி ஆயிடப்போவுது."

"நீயும் வாயேன்டி, கோட்டர்ஸ்ல டவரு கெடைக்கிது, அங்கியே பேசிக்கலாம்."

"கூர போன வூட்ட நெவாரணத்துக்கு எழுத வராங்களாம். ஆளு இல்லன்னா எழுத மாட்டாங்களாம்."

அது ஐந்தாம் நாள். பதினொரு மணி இருக்கும். குக்கர் கழுவிக்கொண்டிருந்தேன். அடுப்பங்கரை மேடையில் சிவப்பு நூல் போட்ட போன் அடித்தது. அதுவரை நான் போனைக் காதில் வைத்தவள் இல்லை. சார்ஜில் இருக்கும்போது பேசினால் வெடிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஈரக்கையைப் புடவையில் துடைத்து, ஒயரைப் பிடுங்கி, முதலில் தலைகீழாக வைத்து, பிறகு திருப்பி வைத்தேன்.

"அவ இருக்காளா?"

ராமுவேதான்.

"நான் யக்கா பேசறேன்பா. போன் எங்கிட்ட கோட்டர்ஸ்ல இருக்குது. நீ எப்பிடி இருக்கற?"

"இருக்கறேன் யக்கா. புள்ளைங்க?"

"அதுங்களுக்கென்ன, நல்லா இருக்குதுங்க. இப்பப் பேசனா சார்ஜி எறங்கிடும். நான் எடுத்துகினு போயி அவ கையில குடுக்கறேன். ஆறு மணிக்கி அடி, அவகிட்டயே பேசு."

"சரி யக்கா."

சிவப்புப் பட்டனை அழுத்தினேன். அழுத்தும்போது இன்னொரு தடவை "யக்கா" என்றானா, அதைப் பிற்பாடு நானாகச் சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை. மறுபடி சொருகி, நிறைந்ததும் ஆஃப் செய்தேன். டீச்சர் யார் என்று கேட்டபோது, "அஞ்சல புருஷங்க. நல்லாப் பேசறான், பொழச்சிகினான்" என்றேன். அன்றைக்கு விழுந்த மரங்களைத் தாண்டிக்கொண்டு நான் நடந்த வேகத்துக்கு எனக்கே சிரிப்பு வந்தது.

தெருமுனையிலிருந்தே கத்தினேன். அஞ்சலை முகம் கழுவினாள். ஐந்து நாளாக வாராத தலையை வாரினாள். டீச்சர் கொடுத்தனுப்பிய உலர்ந்த புடவையைக் கட்டிக்கொண்டாள். போனில் முகம் தெரியாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனோம். ஆறு மணி ஆனது. டவர் வரவில்லை. டீசல் தீர்ந்துவிட்டதாம். ஊரே போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றது. எல்லார் கையிலும் நாலு கட்டை சார்ஜ். ஒருத்தருக்கும் பேச வழியில்லை. சின்னவள் தூங்கிவிழுந்த பிறகுதான் அஞ்சலை வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலையில் அவள் அண்ணன் வந்தார். மரம் கிடக்கிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அவர் நடந்து வந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. விடியற்காலையில் ராமு போய்விட்டான். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, வெளியே தெரியவில்லை என்றார். அஞ்சலை அவரைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூடையை எடுத்தேன். அன்றைக்கும் வேலைக்குப் போனேன். அன்றைக்கும் போன் வாங்கிக்கொண்டு போனேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. டவர் நின்றுபோகும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நானாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கொல்லையில் இரண்டு பேரும் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் முதல் தடவையாகக் கேட்டாள்.

"அவரு கொரலு எப்பிடி இருந்திச்சி யக்கா?"

"தொண்ட கட்டன மாதிரி. ஆனா தெம்பாத்தான் இருந்திச்சி."

"என்னியக் கேட்டாரா?"

"மொதல்ல ஒன்னத்தான் கேட்டான். 'அவ இருக்காளா'ன்னான்."

அவன் இழுத்தது மாதிரியே இழுத்துச் சொல்லிக் காட்டினேன். "ஆமா, அப்பிடித்தான் இழுப்பாரு" என்றாள். அதற்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். ரேஷன் கடை வரிசையில், பண்ருட்டி பஸ்ஸில், ஒரு தடவை எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தலில்கூட. ஒவ்வொரு தடவையும் நான் சொல்லிக் காட்டினேன். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிற மாதிரி ஒரு நிம்மதி எனக்கு.

கம்பியோரத்து நாலு மரத்தைத் தவிர இப்போது அந்த முந்திரிக் கொல்லை இல்லை. அங்கே சவுக்கு நிற்கிறது. டீச்சர் ரிட்டையர் ஆகி மதுரைப் பக்கமே போய்விட்டார்கள். அந்தக் குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்கிறது, கதவில் கறையான் ஏறிவிட்டது. ஆளுக்கொரு போன் இருக்கிறது, எனக்கும் மகன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அஞ்சலை மந்தாரக்குப்பத்தில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறாள். எப்போதாவதுதான் வருவாள்.

போன மாசம் ஒரு வளைகாப்புக்கு வந்திருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். "யக்கா, அவரு கொரலு எப்பிடி இருந்திச்சின்னு சொல்லேன்."

வாயெடுத்தேன். வரவில்லை. அவன் பேசிய சொல் அத்தனையும் இருக்கிறது, ஒன்றும் தவறவில்லை. ஆனால் "அவ இருக்காளா" என்று நினைத்துப் பார்த்தால், அதை என் குரல்தான் சொல்கிறது. எத்தனை தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாலும் என் குரல்தான்.

"தொண்ட கட்டன மாதிரி" என்றேன், பழக்கத்தில்.

அஞ்சலை தலையாட்டினாள். நான் இன்னும் கொஞ்சம் சொல்வேன் என்று ஈரக்கையோடு நின்றாள்.